புதுப்பிப்பு: சின்ன யானை கிளம்பிவிட்டது

காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த 2013 மாடல் டாடா ஏஸை, அதாவது 'சின்ன யானை' என்று சொல்லும் குட்டி லோடு வண்டியை, வாங்கலாமா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். "அடியில துரு பாருங்க, ஆர்சியில கடன் நிக்குதான்னு பாருங்க" என்ற அண்ணன்மாருக்கு நன்றி. வாங்கிவிட்டேன்.

ஐஸ் தண்ணீரும் உப்பும் வேலையைக் காட்டியிருந்தன. பின்தொட்டியின் தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினேன். அப்பளம் போல் நொறுங்கி, கீழே ரோடு தெரிந்தது. சேஸிஸ் மட்டும் சுத்தியலால் தட்டினால் கணீரென்றது. அதை நம்பித்தான் இறங்கினேன். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்து பின்கதவும் ஸ்பிரிங் பட்டையும் எடுத்தேன். டிங்கரிங் அண்ணன் பழைய தகட்டை வெட்டி எறிந்து புதுசு வைத்து வெல்டிங் அடித்தார். துரு பிடிக்காமலிருக்க அடிக்கும் ரெட் ஆக்சைடு காய்ந்த பிறகுதான் பெயின்ட். இதில் அவசரமே படாதீர்கள். உள்ளே துரு மிச்சமிருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தும் பயனில்லை.

இன்ஜினுக்கு ஆயில், ஃபில்டர் மாற்றியதோடு சரி.

பேப்பர் வேலைதான் இழுத்தது. பழைய ஓனர் கடன் கொடுத்தவர்களிடம் என்ஓசி (பாக்கி இல்லை என்ற கடிதம்) வாங்கிவந்து, படிவம் 35 கொடுத்துக் கடனை நீக்கிய பிறகே 29, 30 கொடுத்துப் பெயர் மாற்ற முடிந்தது. எட்டு வருஷம் தாண்டிய வண்டி, இனி வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும்.

நேற்று கோயம்பேட்டிலிருந்து முதல் லோடு, வெங்காயம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், வழிநெடுக டேஷ்போர்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே.