சிங்கப்பூர் பயணத்தில் ரோமிங் கட்டணத்தைத் தவிர்க்க உதவி தேவை
அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் என் பெற்றோர், தங்கையின் பிரசவத்திற்காக அடுத்த மாதம் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் உள்ள சித்தப்பா வீட்டிற்கும் போய்வர இருக்கிறார்கள். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிற்கான ஓடிபி அவருடைய இந்திய எண்ணுக்கே வருவதால் அந்தச் சிம்மைக் கழற்றி வைக்க இயலாது. ஆனால் அது கைபேசியில் இருக்கும்வரை, டேட்டா ரோமிங்கை அணைத்துவைத்தாலும், வருகிற அழைப்பை எடுத்துப் பேசினாலே கட்டணம் விழுமே என்பதுதான் என் கவலை.

சாங்கி விமான நிலையத்தில் சுற்றுலாச் சிம் வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டுக்கொண்டு, வாட்ஸ்அப்பில் மட்டும் பேசச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். எல்லையோரத்தில் கைபேசி தானாகவே மறுநாட்டு நெட்வொர்க்கைப் பிடித்துவிடக்கூடும் என்பதால், நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கும் முறையையும் அப்பாவுக்குக் கற்றுத்தர வேண்டும்.

அண்மையில் பெற்றோரை இவ்வாறு அனுப்பிவைத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: ரோமிங் பேக் போடாமலே ஓடிபி குறுஞ்செய்தி தவறாமல் வந்ததா? இரு நாடுகளிலும் செல்லுபடியாகும் சிம் எது? செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, அவர்கள் பதறக்கூடாது. அமைப்புகளை மாற்றும் படிகளைத் தமிழில் எழுதித் தந்தால், அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன்.