நேபிள்ஸ் பீட்சா நடுவுல ஈரமா இருந்தா அது வேகலைன்னு அர்த்தமா?

திருச்சிக்காரன்:
மக்களே ஒரு டவுட். ரோம்ல ஆபீஸ் வேலை முடிஞ்சதும், ட்ரெயின்ல ஒண்ணேகால் மணி நேரம்தானேன்னு நானும் வைஃபும் நேபிள்ஸ் போனோம். ஹோட்டல் பக்கத்துல ஏரியா ஆளுங்க சாப்பிடுற ஒரு கடை, பேர் வேணாம். சனிக்கிழமை நைட்டு ஒம்போது மணி, வாசல்ல ஒரே கூட்டம், ஒருத்தர் நோட்டு வச்சு பேர் எழுதுறாரு, என் பேர் அவர் வாயில நுழையல, என்னத்தையோ கிறுக்கிக்கிட்டாரு, எங்களுக்கு அப்புறம் வந்தவன்லாம் உள்ள போறான், போய் கேட்டா ரெண்டு தடவை கூப்பிட்டாச்சாம்! ஒருவழியா பீட்சா வந்தா ஓரம் கருகல், நடுவுல சொதசொத, வெட்டியும் தரல. வேகலன்னு திருப்பி அனுப்பினேன், சர்வர் மூஞ்சிய பாக்கணுமே. பில்லுல வேற ஆளுக்கு 2 யூரோ கோபெர்த்தோன்னு சேத்துட்டாங்க. அடுத்த மாசம் அம்மாவையும் கூட்டிட்டு போறோம், அவங்க சுத்த சைவம். நான் பண்ணது தப்பா?

மாவுமூட்டை:
அண்ணே, ஆப்பத்துல நடுவுல மெத்துன்னு இருக்கு, இன்னும் முறுக விட்டு கொண்டான்னு சொன்ன கதையா இருக்கு நீங்க பண்ணது 😀 அங்க விறகு அடுப்பு, மேல் வளைவு 485 டிகிரி கிட்ட இருக்கும், ஒரு பீட்சா 60லேந்து 90 செகண்ட்ல வெளிய வந்துடும். அதுக்குள்ள ஓரம் உப்பி கருப்பு புள்ளி விழும், நடுவுல மெல்லிசா ஈரமாவே நிக்கும். அதான் அவங்க பதம். 1984ல ஆரம்பிச்ச நேபிள்ஸ் பீட்சா சங்கம் ஒண்ணு இருக்கு, மாவு எத்தனை மணி நேரம் புளிக்கணும்ங்கற வரைக்கும் ரூல் போட்டு வச்சிருக்காங்க. வெட்டித் தர மாட்டாங்க, கத்தியும் ஃபோர்க்கும் நம்ம வேலை, இல்லன்னா நாலா மடிச்சு கையில பிடிச்சு சாப்பிடணும். போட்டோ எடுத்துட்டு உக்காந்திருந்தா நிஜமாவே சொதசொதன்னு ஆயிடும்.

கோபெர்த்தோ ஏமாத்து இல்ல, டேபிள்ல உக்கார்றதுக்கு ஆளுக்கு இவ்ளோன்னு வாங்கற காசு, இத்தாலில நிறைய இடத்துல உண்டு, மெனுவுல எங்கயாவது பொடி எழுத்துல இருக்கும்.

வடைபோச்சே:
மேல சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன். ஈரமா இருக்கறது வேற, தட்டுல தண்ணி தேங்கி நிக்கறது வேற. சீஸை சரியா வடிய விடாம போட்டா குளம் கட்டும், கூட்டம் ஜாஸ்தியான சனிக்கிழமைல அப்படி நடக்கும், அது கடையோட தப்புதான். ஓரத்தை தூக்கி அடியப் பாருங்க, பழுப்பு புள்ளி இருந்தா வெந்திருக்கு, வெள்ளையா பச்சை மாவா இருந்தா தாராளமா திருப்பி அனுப்புங்க, எவன் மூஞ்சி எப்படி போனா நமக்கென்ன.

கும்பகோணம் டிகிரி:
அம்மாவுக்கு மரினாரா சொல்லுங்க. பேரக் கேட்டு மீன்னு பயப்பட வேணாம், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய் அவ்ளோதான், சீஸே கிடையாது. இது முக்கியம் ஏன்னா அங்க எருமைப்பால் மொஸரெல்லா சீஸை கன்னுக்குட்டி வயித்துலேந்து எடுக்குற ரென்னெட் போட்டுதான் உறைய வைக்கறாங்க, பார்மிஜானோ சீஸும் அப்படித்தான். சுத்த சைவம்னா தக்காளியும் மொஸரெல்லாவும் போட்ட மார்கரிட்டா பீட்சாவும் இடிக்கும். பொரிச்ச பீட்சா பக்கமே போகாதீங்க, உள்ள ரிக்கோட்டா சீஸோட பன்னிக்கறி வச்சிருப்பான். எங்க மாமியார் மூணு நாளும் மரினாராதான், கூட எலுமிச்சை ஊறுகாய், அத அந்த ஊர்க்காரன் யாரும் பாக்கல நல்லவேளை.

மாவுமூட்டை:
டைம் சொல்ல மறந்துட்டேன். ஏழு மணிக்கு கதவு திறக்கும்போதே நில்லுங்க, உள்ளூர்க்காரங்க எட்டரைக்கு மேலதான் வருவாங்க. சனிக்கிழமை ஒம்போது மணிக்கு போனா திருப்பதி க்யூ கதிதான்.

திருச்சிக்காரன்:
அடியில புள்ளி இருந்துச்சுன்னு வைஃப் இப்ப சொல்றா, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல 🤦 சரி, ஏழு மணி, மரினாரா. இந்த தடவ பேர மாரியோன்னு குடுத்துடறேன்.

வடைபோச்சே:
மாரியோ வேணாம் சார், நாலு பேர் சேந்து எந்திரிப்பான். ரவின்னு சொல்லுங்க.