மூச்சுக்குழாய்க்குள்ள சூடு வைக்கிற சிகிச்சை: அக்காவுக்குப் பண்ணலாமா?

நொய்யல்கரை:
அக்காவுக்கு 46 வயசு. இன்ஹேலர், மாத்திரை எதையும் விடுறதில்ல. அப்படியும் போன வருஷம் நாலு தடவை இழுப்பு முத்தி அட்மிட். ரெண்டு வருஷமா தினம் 15 மி.கி. ஸ்டீராய்டு. முகம் ஊதி, சுகரும் வந்தாச்சு. இப்ப டாக்டர் 'பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி' பண்ணலாங்கிறார். யாருக்காவது அனுபவம் உண்டா?

இழுப்புக்காரன்:
எனக்கு 2016-ல பண்ணாங்க. பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள்ள பார்க்கிற கேமரா குழாய்) வழியா ஒரு மெல்லிய கம்பியை விடுவாங்க. நுனி குடை மாதிரி விரிஞ்சு மூச்சுக்குழாய்ச் சுவரைத் தொடும். 65 டிகிரி சூடு, 10 விநாடி. தடிச்சுப்போன தசை மெலிஞ்சிடும், இழுப்பு வந்தாலும் குழாயை நெரிக்கப் பலம் இருக்காது. மூணு வாரம் விட்டு விட்டு மூணு தடவை. முதல் தடவை முடிஞ்சு ரெண்டு நாள் செம வீசிங். ஆனா இன்னைக்கு ராத்திரி படுத்துத் தூங்குறேன். கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணுங்க.

கணக்குப்பிள்ளை:
கண்ணைத் திறந்துக்கிட்டே போங்க. 2010-ல அமெரிக்கா இதுக்கு அனுமதி கொடுத்தது ஏ.ஐ.ஆர்.2 சோதனையை வச்சு. மொத்தம் 288 பேர். 190 பேருக்கு நிஜச் சூடு, 98 பேருக்குக் குழாயை மட்டும் விட்டுட்டு சூடு வைக்காத நாடகம். வாழ்க்கை தேவலைன்னு காட்டினவங்க நிஜத்துல 79%, நாடகத்துல 64%. சூடே படாம நூத்துக்கு 64! உங்க தூக்கம் எந்தக் கணக்குல வருது?

இழுப்புக்காரன்:
இத்தனை வருஷமா நாடகத்துலயா சார் தூங்குறேன்? அதே சோதனையில எமர்ஜென்சிக்கு ஓடினது 84% குறைஞ்சுதே, அதை ஏன் முழுங்கிட்டீங்க? 10 வருஷம் கழிச்சுப் பார்த்த அறிக்கையும் 2021-ல வந்தாச்சு. பலன் நிக்குது.

கணக்குப்பிள்ளை:
அந்த 84 சிகிச்சை நடந்த வாரங்களைக் கழிச்சுட்டு எடுத்த கணக்கு. அந்த வாரங்கள்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தது நிஜத்துல 8.4%, நாடகத்துல 2%. நீங்க சொல்ற 10 வருஷ அறிக்கையிலயே, ஏ.ஐ.ஆர்.2-ல சூடு பட்டவங்கள்ல 7% பேருக்குப் புதுசா பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய் நிரந்தரமா விரிஞ்சு போறது). பெரும்பாலும் லேசானதுதான், ஒத்துக்கிறேன்.

பீக்ஃப்ளோ:
நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுற சோதனையில அந்த அக்காவைச் சேர்த்தே இருக்க மாட்டாங்க. வருஷத்துல மூணு தடவையோ அதுக்கு மேலயோ அட்மிட் ஆனவங்க, தினம் 10 மி.கி.க்கு மேல ஸ்டீராய்டு எடுக்கறவங்க எல்லாம் அதுல கிடையாது. அதனால 79-ம் அவங்களுக்குப் பொருந்தாது, 64-ம் பொருந்தாது. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவே இதை நோயாளிங்களைக் கண்காணிக்கிற பதிவேட்டுலயோ ஆய்வுலயோ வச்சுத்தான் பண்ணணும்னு சொல்லியிருக்கு. முதல்ல பயாலஜிக் ஊசி (ஆஸ்துமாவைத் தூண்டுற பொருளைக் குறிவச்சுத் தடுக்கிற மருந்து) பத்திப் பேசினாங்களா? ரத்தத்துல ஈஸினோபில் (ஒரு வகை வெள்ளை அணு, அது கூடியிருந்தாத்தான் இந்த ஊசிகள்ல பல நல்லா கேக்கும்) எவ்வளவு?

நொய்யல்கரை:
பேசினாங்க. ஈஸினோபில் 90, அதனால ஊசி கேக்காதுன்னுட்டாங்க.

பீக்ஃப்ளோ:
எப்ப எடுத்த ரத்தம்?

நொய்யல்கரை:
போன மாசம்.

பீக்ஃப்ளோ:
ஸ்டீராய்டு உள்ள போயிட்டிருக்கும்போது எடுத்தது. அது ஈஸினோபிலை அமுக்கிடும். தினசரி மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட் பீரோவுல கிடக்குதா பாருங்க. ஐ.ஜி.ஈ. (அலர்ஜியைக் காட்டுற ரத்த டெஸ்ட்) இருந்தா அதையும். அதுக்காக மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

நொய்யல்கரை:
கிடைச்சிருச்சுங்க! 2019-ல கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பழைய ஃபைல். ஈஸினோபில் 640. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போறோம்.

கணக்குப்பிள்ளை:
அப்ப சூட்டைத் தள்ளி வைங்க. மெபோலிசுமாப் மாதிரி பயாலஜிக் ஊசிக்கு வழியிருக்கு.

இழுப்புக்காரன்:
ஊசி நாலு வாரத்துக்கு ஒண்ணு, எத்தனை வருஷம்னு கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. எனக்கு மூணு தடவையோட முடிஞ்சுது. அந்தச் செலவையும் வியாழக்கிழமை கேட்டுட்டு வாங்க தம்பி.