34 பேர் வேலை செய்யும் ஷூ அப்பர் யூனிட்: புதிய சட்டப்படி கிராஜுட்டி, சம்பளப் பிரிப்பு பற்றி உதவி தேவை

பேரணாம்பட்டு அப்பர்:
பேரணாம்பட்டில் ஷூவின் மேல்பகுதி (அப்பர்) தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ஆம்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளிலிருந்து வெட்டிய தோல் வரும். ஸ்கைவிங் (தோல் ஓரத்தை மெலிதாக்குவது), மடிப்பு, தையல் முடித்து அனுப்புவோம். மொத்தம் 34 பேர், பெரும்பாலும் பெண்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் ஒழுங்காகக் கட்டி வருகிறோம்.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்ததிலிருந்து ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு வருடம் ஆனாலே எல்லோருக்கும் கிராஜுட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) என்கிறார் ஒருவர். எல்லோரிடமும் ராஜினாமா எழுதி வாங்கி, 11 மாத ஒப்பந்தத்தில் மறுபடி சேர்த்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) பாதிக்கு மேல் இருக்க வேண்டும், மொத்தத்தையும் மாற்று என்கிறார் கணக்குப் பார்ப்பவர். இதற்கிடையில் மூன்றரை வருடமாக ஸ்கைவிங் மெஷினில் இருக்கும் பெண் கல்யாணம் ஆகி இந்த மாதக் கடைசியில் நிற்கிறார். அவருக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும்? ஆர்டர் குறைவான நேரம், அதற்காக அவருக்குச் சேர வேண்டியதைக் குறைக்க எனக்கு மனம் இல்லை.

ராணிப்பேட்டை ஃபேப்ரிகேஷன்:
பாய், முதலில் அந்த ராஜினாமா யோசனையை விட்டுவிடுங்கள். நிரந்தரமாக இருப்பவரை ஒரு கையெழுத்தில் ஒப்பந்த ஆளாக மாற்றினால் வழக்கு வரும்போது அது நிற்கும் என்று நம்பாதீர்கள். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் எடுத்தாலும் அதே வேலைக்கு நிரந்தர ஆளுக்குத் தரும் சம்பளமும் சலுகையும் தர வேண்டும். ஒரு வருடத்தில் கிராஜுட்டி என்பது இந்த ஒப்பந்தக்காரர்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் பழையபடி ஐந்து வருடம்.

காட்பாடி கணக்கர்:
மேலே சொன்னது சரி. எனவே ஸ்கைவிங் பெண் நிரந்தர ஆள் என்றால் மூன்றரை வருடத்துக்குச் சட்டப்படி கிராஜுட்டி வராது. ஆனால் நிலுவைச் சம்பளம், அவர் வேலையை விட்ட பிறகு இரண்டு வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்த சம்பளத் தேதி வரை காத்திருக்க முடியாது. மீதி விடுப்புக்கான பணத்தையும் அதோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். கிராஜுட்டி வருகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தொகைக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் என்பது புதிதல்ல, முன்பும் அப்படித்தான்.

பேசிக் விஷயத்துக்கு உங்கள் சூப்பர்வைசர் மாதிரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.32,000. பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 12,800, எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) 12,000, பயணப்படி 7,200. புதிய வரையறையில், சம்பளம் என்று கணக்கில் சேராத எச்.ஆர்.ஏ., பயணப்படி போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இங்கே விலக்கு 19,200, பாதி 16,000. மிச்சம் 3,200 தானாகவே சம்பளத்தில் சேர்ந்துவிடும். ஆகவே பி.எஃப்., கிராஜுட்டி கணக்குக்குச் சம்பளம் 16,000.

15,000 உச்சவரம்பு வரை மட்டும் பி.எஃப். கட்டுகிறீர்கள் என்றால் உங்கள் பங்கு 1,536-லிருந்து 1,800 ஆகும், 264 ரூபாய்தான் கூடுதல். கிராஜுட்டியில்தான் எடை தெரியும். வருடத்துக்கு 15/26 கணக்கில் (மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குவது) சுமார் 7,385 இருந்தது 9,231 ஆகிறது. இதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. சிலர் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று பெயர் வைத்துத் தப்பிக்கலாம் என்கிறார்கள். விலக்குப் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் அந்தப் படிக்கு பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது.

பேரணாம்பட்டு அப்பர்:
ரொம்ப நன்றி சார். தையலில் பாதிப் பேர் பீஸ் ரேட். அவர்களுக்கு கிராஜுட்டியை எதை வைத்துப் போடுவது?

காட்பாடி கணக்கர்:
வேலை முடிவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வாங்கியதன் தினசரி சராசரி, ஓவர்டைம் சேர்க்காமல். அதில் 15 நாளுக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும். பீஸ் கணக்கு நோட்டில் ஆள்வாரியாகத் தேதி போட்டு இருக்கிறதா பாருங்கள். பல யூனிட்டில் லாட் நம்பர் மட்டும் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. அங்கேதான் தகராறே வருகிறது.

ஆம்பூர் தையல்காரி:
அண்ணா, நான் முதலாளி இல்லை, மெஷினில் உட்காருகிறவள். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறார்களே, அதை முதலில் கொடுங்கள். பத்து வருடம் தைத்தவர்கள்கூட இந்த ஊரில் கையில் ஒரு காகிதம் இல்லாமல் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்து லைனில் ஒரு அக்கா வங்கியில் கடன் கேட்டபோது எங்கே வேலை, எவ்வளவு நாளாக என்று காட்ட ஒன்றுமே இல்லை. சேர்ந்த தேதியை உண்மையான தேதியாகவே போடுங்கள், அண்ணா.

ராணிப்பேட்டை ஃபேப்ரிகேஷன்:
அந்தத் தங்கை சொல்வதுதான் முதல் வேலை. அதே கையோடு 40 வயது தாண்டியவர்கள் பட்டியலையும் எடுங்கள், வருடம் ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு. விடுப்புக்கு முன்பு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், இப்போது 180 போதும். ஆளைக் குறைத்து 20-க்குக் கீழே வந்தால் ஃபேக்டரி லைசென்ஸ் வேண்டாம் என்று யாராவது கிளப்புவார்கள். மின்சாரத்தில் ஓடும் யூனிட்டுக்கு வரம்பு 10-லிருந்து 20 ஆனது உண்மைதான். அதற்காக 34 பேரை இரண்டு பெயரில் பிரித்து எழுதாதீர்கள். ஒரே கூரை, ஒரே மெஷின் வரிசை, பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பேரணாம்பட்டு அப்பர்:
பிரிக்க மாட்டேன். சம்பளப் பிரிப்பை மாற்றுவதற்கு முன் தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டுமா?

காட்பாடி கணக்கர்:
கட்டாயம். சம்பளம், படிகளை மாற்றினால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். பழைய விதிகளில் புதிய சட்டத்தோடு மோதாதவை, புது விதிகள் வரும்வரை தொடரும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது, அதனால் மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளப் பதிவேடு எதையும் நிறுத்தாதீர்கள்.

பேரணாம்பட்டு அப்பர்:
சரி சார். நியமனக் கடிதம் இந்த வாரமே தமிழில் அடிக்கிறேன், சேர்ந்த தேதியை பி.எஃப். பதிவோடும் பழைய மஸ்டர் ரோலோடும் ஒப்பிட்டுப் போடுகிறேன். ஸ்கைவிங் பெண்ணுக்கு நிற்கும் நாளிலேயே கணக்கு முடித்துக் கொடுத்துவிடுகிறேன். கடித மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.