கிறிஸ்துமஸுக்கு பிளாக் ஃபாரஸ்ட், கண்ணாடிக் கிண்ணத்தில்: பாளையிலிருந்து தூத்துக்குடி வரை உருகாமல் போகுமா?

பாளை ரோஸி:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் 25-ந் தேதி மதியச் சாப்பாடு தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில். பதினைந்து பதினாறு பேர் இருப்போம். பிரியாணி அண்ணி பொறுப்பு, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அம்மா பொறுப்பு. மக்ரூனுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் வைக்கிற இனிப்பு மட்டும் என் தலையில். அண்ணன் பிள்ளைகள் இப்போதே போன் போட்டு "அத்தை, பிளம் கேக் வேண்டாம், பிளாக் ஃபாரஸ்ட்தான்" என்று சொல்லிவிட்டார்கள்.

முழு கேக்காகச் செய்து காரில் கொண்டு போனால் பாதி வழியில் சாய்ந்துவிடும். அதனால் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கு அடுக்காக வைக்கலாம் என்று நினைக்கிறேன். அடியில் சாக்லேட் ஸ்பாஞ்ச், மேலே செர்ரி, அதற்கு மேல் கிரீம், மறுபடி இதே வரிசை. யோசனை சரிதான், சாமான்தான் இடிக்கிறது. பேக்கரி கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் சிவப்புச் செர்ரியை வாயில் போட்டால் சீனி தவிர ஒன்றும் தெரியவில்லை. கடையில் கிடைக்கும் சின்ன பெட்டி ஃபிரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் கெட்டியாக மாட்டேன் என்கிறது. வீடியோவில் எல்லோரும் கிர்ஷ் என்று ஏதோ சாராயம் ஊற்றுகிறார்கள். எங்கள் அப்பா இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது, பிள்ளைகளும் சாப்பிட வேண்டும்.

காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மார்கழியிலும் தூத்துக்குடி மதியம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோவை கேக் கணேஷ்:

கிரீமைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

நீங்கள் அடித்துப் பார்த்த ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். 30-க்குக் கீழே இருந்தால் என்ன குட்டிக்கரணம் அடித்தாலும் நுரை நிற்காது. 30, 35 சதவீத டெய்ரி விப்பிங் கிரீம் வாங்கினால் நன்றாக நிற்கும், ருசியும் அதுதான். ஆனால் அது குளிர் இருக்கும் வரைக்கும்தான். பால் கொழுப்பு இளகினால் அடித்த கிரீம் தண்ணீர் விட்டுவிடும். உங்கள் பயணத்துக்கு நான்-டெய்ரி விப்பிங் கிரீம்தான் பத்திரம். தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்தது, பேக்கரி சாமான் கடையில் உறைந்த நிலையில் ஒரு லிட்டர் பெட்டியாகக் கிடைக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் ஐஸ் பொடி இருக்கும்போதே அடிக்க வேண்டும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அடியுங்கள்.

அதிலேயே சர்க்கரை கலந்திருக்கும். மேற்கொண்டு ஒரு ஸ்பூன்கூடப் போட வேண்டாம்.

வில்லிங்கன் அண்ணாச்சி:

ரோஸி தங்கச்சி, நானும் பாளைதான், முருகன்குறிச்சிப் பக்கம். இப்போது இருப்பது ஜெர்மனியில் வில்லிங்கனில், அந்தக் கறுப்புக் காட்டின் ஓரத்திலேயே. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்த டப்பா செர்ரியை மறந்துவிடு. நம் ஊர் பேக்கரிச் செர்ரி பெரும்பாலும் செர்ரியே கிடையாது, களாக்காய். கொட்டையை எடுத்து, சீனிப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றியது. நம் வீட்டில் ஊறுகாய் போடுகிற அதே களாக்காய்தான். அதில் இருந்த நல்ல புளிப்பையெல்லாம் எடுத்துவிட்டுச் சீனியை அடைத்திருக்கிறார்கள். மேலே ஒன்றிரண்டு வைத்தால் பார்வைக்கு அழகு, அடுக்குக்கு உதவாது.

இங்கே இந்த இனிப்பின் உயிரே புளிப்புதான். கண்ணாடி ஜாடியில் புளிப்புச் செர்ரி விற்பார்கள், ஷாட்டன்மொரெல்லன் என்று பெயர். சாறு வடித்தால் 350 கிராம் பழம் இருக்கும். டிசம்பரில் அந்த ஜாடி இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு முழு கேக் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் நீ சொன்ன மாதிரியே சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளரில் அடுக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே நீ செய்யப்போவது குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கசப்பு கோகோ, புளிப்புப் பழம், சீனி குறைந்த கிரீம் மூன்றும் ஒரே கரண்டியில் வர வேண்டும். நம் ஊர் பேக்கரி பிளாக் ஃபாரஸ்டில் மூன்றுமே இனிக்கும், அதனால்தான் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

உனக்கு டின்னில் வரும் கொட்டை நீக்கிய கறுஞ்செர்ரி, அல்லது ஃப்ரோசன் செர்ரி கிடைக்கும். காஷ்மீர், இமாச்சல் பழம் மே முதல் ஜூலை வரைதான், டிசம்பரில் பெரிய கடைகளில் வருவது சிலி நாட்டுப் பழம். விலையைக் கேட்டால் பிரியாணிக்கு இன்னொரு கிலோ கறி வாங்கலாம் என்று தோன்றும். அதைக் கொதிக்க வைப்பது பாவம்.

பழம் 700 கிராம், சாறு அரை லிட்டர் வேண்டும். டின் சாறு போதாவிட்டால் மாதுளைச் சாறு சேர்த்துக்கொள். கார்ன்ஃப்ளவர் 40 கிராமைக் கொஞ்சம் குளிர்ந்த சாற்றில் கட்டியில்லாமல் கரைத்து வை. மீதிச் சாற்றைக் கொதிக்க விட்டு, கரைசலை ஊற்றி, கலங்கல் போய்க் கண்ணாடி மாதிரி தெளியும் வரை கிண்டு. ஒரு நிமிடம் கொப்புளம் வந்தால் போதும். அடுப்பை அணைத்துவிட்டுப் பழத்தையும், பெரிய எலுமிச்சை ஒன்றின் சாற்றையும் சேர். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் கெட்டித்தன்மை குலைந்துவிடும். ருசி பார்த்தால் உனக்கே கொஞ்சம் அதிகப் புளிப்பு என்று தோன்ற வேண்டும். கிரீமோடு சேரும்போது சரியாகிவிடும். இது நன்றாக ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகுதான் கிரீம் பக்கம் போகலாம்.

கிர்ஷ் விஷயம். இந்த நாட்டில் அடுமனைப் பண்டங்களுக்கு ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. ஷ்வார்ட்ஸ்வேல்டர் கிர்ஷ்டோர்ட்ட (பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் ஜெர்மன் பெயர்) என்று சொல்லி விற்றால் கிர்ஷ் வாசனை நாக்கில் தெளிவாகத் தெரிய வேண்டும், கறுப்பு ஸ்பாஞ்சில் கோகோ குறைந்தது 3 சதவீதம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். உன் அண்ணன் வீட்டுக்கு ஜெர்மன் அதிகாரி யாரும் வரப்போவதில்லை. கிரீமில் பச்சையாக ஊற்றும் சாராயம் ஆவியாகாது, அப்படியே இருக்கும், ஆகவே பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிர்ஷ் காய்ச்சும்போது செர்ரிக் கொட்டையில் இருந்து பென்சால்டிஹைடு என்ற பொருள் இறங்குகிறது. பாதாம் எசென்ஸின் வாசனையும் அதே பொருள்தான். அரை டம்ளர் செர்ரிச் சாற்றில் பாதாம் எசென்ஸ் நான்கு சொட்டு விட்டு ஸ்பாஞ்ச் மேல் தெளி. நான்குக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் வைத்துக்கொள். பெயர் கறுப்புக் காடு என்றாலும், 1915-இல் இதை முதலில் செய்தது தான்தான் என்று சொன்ன யோசெஃப் கெல்லர் என்ற கேக் மாஸ்டர் அப்போது வேலை பார்த்தது பான் நகரத்தை ஒட்டிய பாட் கோடஸ்பெர்க்கில். ரைன் நதிக்கரை ஊர் அது, காடு இருப்பது வெகு தெற்கே. ட்யூபிங்கன் என்ற இன்னொரு ஜெர்மன் ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்தான் என்று தனியாகச் சண்டை போடுகிறார்கள். அச்சில் இந்தப் பெயர் வந்தது 1934-இல்தான். கெல்லர் வழி வந்த செய்முறை எங்கள் பக்கத்து ஊர் ட்ரைபெர்கில் ஷேஃபர் கஃபேயில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் அங்கேதான் கூட்டிப்போவோம். திருநெல்வேலி அல்வாவுக்கு எத்தனை கடை உரிமை கொண்டாடுகிறது, அந்த மாதிரிதான் இதுவும்.

பாளை ரோஸி:

அண்ணாச்சி, முருகன்குறிச்சியா! கோடி நன்றி. கணேஷ் அண்ணா, உங்களுக்கும். களாக்காய் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், "அதுக்குத்தான் இத்தன வருஷமா காசு குடுத்தோமா" என்று ஒரே கோபம்.

இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. அண்ணன் வீட்டு மாடியில் இருப்பவர்கள் முட்டை சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். முட்டை இல்லாத ஸ்பாஞ்ச் போட்டால் கெட்டுவிடுமா? அப்புறம் இங்கே கடையில் விசாரித்தேன், செர்ரி டின் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். ஆன்லைனில் ஃப்ரோசன் வாங்கினால் பாளைக்கு வந்து சேரும்போது கஞ்சியாகிவிடும் என்று பயம்.

கம்பம் கௌசி:

ரோஸி, ஒரு டின் போதும். மீதிக்குப் பன்னீர் திராட்சை வாங்குங்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பழம், வருடம் முழுக்க அறுவடை உண்டு, டிசம்பரிலும் உங்கள் சந்தைக்கு வந்துவிடும். ஒரு கிலோவைக் கழுவி, அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, மூடி போட்டு வேக வையுங்கள். தோல் வெடித்ததும் மசித்து வடிகட்டினால் கொட்டை தங்கிவிடும், கறுஞ்சிவப்பில் சாறு வரும். நிறம், புளிப்பு இரண்டும் செர்ரிக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தச் சாற்றில் அண்ணாச்சி சொன்ன மாதிரி கார்ன்ஃப்ளவர் காய்ச்சி, டின் செர்ரியை ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கிச் சேருங்கள். பழம் குறைவு என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மிக்ஸியில் மட்டும் அடிக்காதீர்கள், கொட்டை உடைந்து துவர்க்கும்.

முட்டையில்லாத ஸ்பாஞ்சுக்கு நான் வழக்கமாகப் போடும் அளவு: மைதா ஒன்றேகால் கப், கோகோ கால் கப், சர்க்கரை முக்கால் கப், தயிர் ஒரு கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. 180 டிகிரியில் அரை மணி நேரம். பதினைந்து பேருக்கு இதில் ஒன்றரை மடங்கு. கொஞ்சம் அடர்த்தியாகத்தான் வரும். தனியாகச் சாப்பிட்டால் வித்தியாசம் தெரியும், சாற்றில் ஊறிய பிறகு முட்டை போட்டதா இல்லையா என்று சத்தியமாகத் தெரியாது.

வில்லிங்கன் அண்ணாச்சி:

கௌசிம்மா, பன்னீர் திராட்சை என்று வாசித்ததும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. இங்கே அது கிடைக்காது. ரோஸி, யோசிக்காமல் அதையே செய்.

கிரீமுக்கு ஒரு வார்த்தை. கணேஷ் சொன்ன நான்-டெய்ரி கிரீம் அரை லிட்டர் போதும், அடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் பொங்கும். ஆனால் இனிப்பு தூக்கலாக இருக்கும். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 200 கிராமை, கிரீம் அடித்து முடித்த பின் கையால் மெதுவாகக் கலந்துவிடு. இங்கே இந்த டம்ளர் இனிப்புக்கு க்வார்க் என்று தயிர் மாதிரி ஒன்றைச் சேர்ப்பார்கள், அதற்கு இது பதில். புளித்த தயிர் வேண்டாம், புதுசாக உறை ஊற்றியது.

கோவை கேக் கணேஷ்:

தயிர் யோசனை நன்று, ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்டச் சேர்த்தால் கிரீம் உட்கார்ந்துவிடும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

ஒரே பெரிய கிண்ணம் வேண்டாம். இரண்டு லிட்டர் கிண்ணம் இரண்டு எடுங்கள். சீக்கிரம் குளிரும், ஃப்ரிட்ஜிலும் இடம் கிடைக்கும். 24-ந் தேதி மதியமே அடுக்கிவிட்டால் இரவுப் பூசைக்குப் போய் வருவதற்குள் ஸ்பாஞ்ச் நன்றாக ஊறியிருக்கும். கிரீமைப் பைப்பிங் பையில் போட்டு முதலில் கண்ணாடி ஓரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்புறம் நடுவை நிரப்புங்கள். கரண்டியால் நடுவில் கொட்டி ஓரத்துக்கு இழுத்தால் செர்ரிச் சாறு கலந்து வெளியே பார்க்க ரோஸ் கலரில் தெரியும்.

முத்துநகர் ஜெரால்டு:

எங்கள் ஊருக்கு வருகிறீர்கள், நான் வாய் திறக்காமல் இருக்க முடியுமா. மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். அண்ணனிடம் சொல்லிப் புதுப் பெட்டி ஒன்றை முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். புதுப் பெட்டி என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள், சீலா வாசனையில் பிளாக் ஃபாரஸ்ட் யாருக்கும் வேண்டாம்.

பாளை ரோஸி:

ஜெரால்டு அண்ணே, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. பெட்டி இங்கேயே மருந்துக் கடையில் கேட்டு வைத்திருக்கிறேன். உள்ளே ஐஸ் கட்டி போடலாமா? சாக்லேட் துருவலை இங்கேயே தூவிவிடலாமா?

வில்லிங்கன் அண்ணாச்சி:

வெறும் ஐஸ் கட்டி வேண்டாம், உருகிக் கிண்ணம் மிதக்கும். தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து, நான்கு மூலையிலும் ஒவ்வொன்று நிறுத்து. கிண்ணத்துக்கு அடியில் ஈரத் துண்டு ஒன்றை விரித்தால் நகராது. கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விட்டுத் தட்டு போட்டு மூடு.

துருவலைத் தூத்துக்குடியில் வைத்துத் தூவு. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் குளிர்ந்த சாக்லேட் வியர்த்து மேலே சேறு மாதிரி ஆகிவிடும். கசப்புச் சாக்லேட் பட்டை ஒன்றைத் தனியாக எடுத்துப்போய், உருளைக்கிழங்கு சீவும் பீலரால் அங்கேயே சீவு. போனவுடன் கிண்ணங்கள் ஃப்ரிட்ஜுக்குள், பிரியாணி முடிந்து தட்டு கழுவுகிற நேரத்தில் வெளியே. மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், மூன்றாவது நாள் செர்ரி அடுக்கு தண்ணீர் விட ஆரம்பிக்கும். அண்ணன் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தக் கவலை உனக்கு எதற்கு.