எம்டன் பற்றி எங்கள் வீட்டுக் குழுவில்

தங்கை: (படம்) சென்னை உயர் நீதிமன்றச் சுவரில் இந்தக் கல்வெட்டைப் பார்த்தேன். 22 செப்டம்பர் 1914 அன்று எம்டன் குண்டு விழுந்த இடமாம். பெரியப்பா, சின்ன வயதில் என்னை "சரியான எம்டன்" என்பீர்களே, அது இதுதானா?

பெரியப்பா: அதேதான் கண்ணு. ஜெர்மன் போர்க்கப்பல். இரவு ஒன்பதரை மணி வாக்கில் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சர்ச்லைட் அடித்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான் குறி. அரை மணிக்குள் சுமார் 130 குண்டு. இத்தனைக்கும் முதல் உலகப் போர் நடக்கிறது, கலங்கரை விளக்கத்தைக்கூட அணைக்கவில்லை!

அத்தை: உயிர்ச்சேதம்?

பெரியப்பா: ஐந்து பேராவது இறந்தார்கள். ஊரே மூட்டை கட்டியது.

அத்தை: ஆமாம். நம் கொள்ளுப்பாட்டி உலையில் கொதித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு மாட்டுவண்டி ஏறினாராம்.

அண்ணன்: விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறதே?

பெரியப்பா: அதை யாருக்கும் அனுப்பாதே தம்பி. ஆதாரம் கிடையாது. அந்தச் சமயத்தில் அவர் சூரிச்சில் இருந்தார். அவர் செய்த வேலையே அவருக்குப் போதும்.

தங்கை: ஒற்றைக் கப்பல் எப்படி இவ்வளவு ஆட்டம் காட்டியது?

பெரியப்பா: கேப்டன் மியுல்லரின் மூளை. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். கட்டையும் கித்தானும் வைத்து நாலாவது ஒன்று கட்டி, பிரிட்டிஷ் கப்பல் போலக் காட்டினார். அந்த வேஷத்தில்தான் அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்குள் புகுந்து, ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தார். ஆனால் சரக்குக் கப்பலைப் பிடித்தால், ஆட்களை இறக்கிக் காப்பாற்றிய பிறகுதான் மூழ்கடிப்பார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

அண்ணன்: முடிவு?

பெரியப்பா: நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவு. தந்திக் கம்பியை அறுக்க ஆள் இறக்கினார். அதற்குள் தந்தி நிலையத்தார் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கி 15 சென்டிமீட்டர், எம்டனுடையது 10.5. அப்புறம் என்ன? உருக்குலைந்த கப்பலை மியுல்லரே பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அத்தை: ஐயோ. இறங்கிய ஆட்கள்?

பெரியப்பா: ஐம்பது பேர். ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பி, அரேபியா வழியாக 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். வழியிலும் சிலர் இறந்தார்கள்.

தங்கை: அத்தை, கொள்ளுப்பாட்டி வீடு எந்தத் தெரு?

அத்தை: மண்ணடி, பவளக்காரத் தெரு.

தங்கை: இங்கிருந்து நடக்கிற தூரம்தான். போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.