காயலாங்கடையில் மீட்ட ஹெரால்டுக்குப் பழைய நம்பரே செல்லுமா?

ஹெரால்டுக்காரன்:
1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று காயலாங்கடையில் எடைக்குப் போக இருந்தது. பேசி வாங்கிவிட்டேன். பழைய மெட்ராஸ் மாநிலத்து எம்.எஸ். வரிசை நம்பர். தரை முழுக்க ஓட்டை, இன்ஜின் இறுகிக் கிடக்கிறது, ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்) நிற்கிறது. ஆர்.சி. புக் முதல் உரிமையாளரின் மகனிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட அவரும் தயார். பழைய நம்பரோடே ஓட்ட ஆசை. யாராவது ஆட்சேபம்?

சட்டப்புள்ளி:
நான் இருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 55 பாருங்கள். வண்டி அழிந்தாலோ, இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனாலோ 14 நாளுக்குள் தகவல் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். முதல் உரிமையாளர் வீட்டார் ஒப்படைக்காமல் பீரோவில் வைத்திருந்தார்கள் என்பதற்காக வண்டிக்கு உயிர் வந்துவிடாது. பழைய வண்டியின் ஆர்.சி.யை மட்டும் வாங்கித் திருட்டு வண்டிக்கு மாட்டுகிற கூட்டம் இருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை, ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

டிங்கர் தம்பி:
அண்ணே, ஓடவே முடியாதுன்னு யாரு முடிவு பண்றது? ஹெரால்டு வந்து அம்பாசடர், பத்மினி மாதிரி கிடையாது. சேஸிஸ் தனி, பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மேல மாட்டியிருப்பான். பானெட்டும் முன் மட்கார்டும் ஒண்ணா சேர்ந்து அப்படியே முன்பக்கமா சாயும். சேஸிஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் அவுட்ரிகர்னு கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். சேறு தங்கி மொதல்ல துரு புடிக்கிறது அங்கதான். ஸ்பேனரால தட்டிப் பாருங்க. 'டங்'னா தகடு இருக்கு, 'பொத்'னா வெறும் பட்டியும் பெயின்ட்டும்தான். அதை வெட்டிட்டுப் புதுத் தகடு வெச்சா வேற வண்டி ஆயிடுமா? அம்பாசடர்ல பாடியே சேஸிஸ், அங்க தரையை வெட்டினா நீங்க கேக்கறதுல நியாயம் இருக்கு.

சட்டப்புள்ளி:
வெல்டிங்குக்கு நான் எதிரி இல்லை தம்பி. எங்கே நிறுத்துவீர்கள்? இன்று அவுட்ரிகர், நாளை சேஸிஸின் நடுச் சட்டம், அப்புறம் வேறொரு ஹெரால்டின் இன்ஜின். கடைசியில் 1968 என்று சொல்ல நம்பர் பிளேட் மட்டும்தான் மிஞ்சும்.

பந்தயப் பைத்தியம்:
இந்தச் சண்டை கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி, 'ஓல்டு நம்பர் ஒன்'. 1929-இல் ஓடிய பாகம் அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை, நான் வாங்க ஒப்புக்கொண்ட வண்டி இதுவல்ல என்று வாங்க வந்தவர் தரப்பு முரண்டு பிடித்தது. 1990-இல் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன், மாற்றங்கள் படிப்படியாக நடந்தன, வண்டியின் தொடர்ச்சி அறுபடவில்லை, ஆகவே அதே வண்டிதான் என்றார்.

சட்டப்புள்ளி:
நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், சார். தொடர்ச்சி அறுபடவில்லை! அந்த பென்ட்லி காயலாங்கடை வாசலை மிதித்ததா?

ஹெரால்டுக்காரன்:
மிதித்தால் என்ன? தராசில் ஏறவில்லை, கேஸ் கட்டர் படவில்லை. முன்பு வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது, பிறகு கடையில் நின்றது. இடம் மாறியதெல்லாம் மரணமா?

கோப்பு அக்கா:
பென்ட்லியை விடுங்கப்பா. பதிவேட்டில் அந்த நம்பர் ரத்தாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரத்து என்றால் இத்தனை வாதமும் வீண். இல்லையென்றால் 2021-இல் பழங்கால வண்டிகளுக்கென்று வந்த வின்டேஜ் விதி இருக்கிறது. முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே விட்டுவைப்பார்கள். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். புதுப் பதிவென்றால் 20,000, நம்பரில் 'வி.ஏ.' சேரும். ஆனால் தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான்.

சட்டப்புள்ளி:
அக்கா மீதியையும் சொல்லுங்கள். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியமைக்காமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

டிங்கர் தம்பி:
அசல் அளவுல அதே தகடு வெச்சா வடிவம் எப்படிண்ணே மாறும்? ஜப்பான் டீசல் இன்ஜின் மாட்டினாதான் மாறும். ஹெரால்டு அண்ணே, சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் கிரைண்டரோ சாண்ட் பிளாஸ்ட்டோ பட்டுடக் கூடாது. மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, இப்பவே நம்பர் மேல காகிதம் வெச்சுப் பென்சிலால தேய்ச்சுப் பென்சில் பிரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க.

சட்டப்புள்ளி:
அந்தப் பிரின்ட் ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும், காயலாங்கடை வாதத்தை விட்டுவிடுகிறேன். இன்ஜின் நம்பரையும் சேர்த்துப் பாருங்கள். அதில் இடித்தால் திரும்ப வருவேன்.